பழைய புல்லட், யெஸ்டி வண்டிகள்: அறிகுறியிலிருந்து கோளாறும், கோளாறிலிருந்து ஆளும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரையிலும், மீனாட்சிபுரம் வழியாகக் கோவிந்தாபுரம், கொல்லங்கோடு வரையிலும் உள்ள எல்லையோரத் தோட்டவீடுகளில், வலக்காலால் கியர் மாற்றும் பழைய புல்லட்டுகளும் இரட்டைச் சைலன்சர் யெஸ்டிகளும் இன்னும் சாக்குப்படுதாவுக்கு அடியில் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகத்தைவிட ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் விடும் சிறு ஸ்விட்ச்) வைத்த வண்டிகளில் கை பழகிய மெக்கானிக்குகள் பலர் வயதாகிப் பட்டறையை மூடிவிட்டனர். இன்றைய பட்டறைகளில் இருக்கும் இளைஞர்கள் சென்சார் வண்டிகளில் தேர்ந்தவர்களே தவிர, பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ஒரே ஆசாரி வீட்டைக் கட்டி முடித்த காலம்போல ஒரே மெக்கானிக் வண்டி முழுவதையும் பார்த்த காலம் போய், இன்ஜின் ஒருவரிடம், மின்சாரம் ஒருவரிடம், லேத் வேலை கோயம்புத்தூரில் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. ஆகையால், கோளாறு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதையாவது உரிமையாளர் தாமே பிரித்தறிந்தால்தான் எந்தக் கடைக்குப் போவது என்பதை முடிவு செய்ய முடியும்.

கீழே சொல்லப்படுபவை பாயிண்ட் வைத்த 346 சி.சி. புல்லட்டை (வழக்கில் 350) மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. யெஸ்டி மாறுபடும் இடங்களில் அதைத் தனியே குறித்திருக்கிறேன். பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், நீளமான ஸ்க்ரூடிரைவர் ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும்.

கிக்கரை எவ்வளவு அடித்தும் கிளம்பவில்லை

முதலில் கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாயிண்ட் வண்டியில் பாதிக்கு மேற்பட்ட நேரம் சிக்கல் மின்சாரத்தில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பலமுறை அடித்த பிறகும் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. அடுத்த படி எது என்பதை இந்த ஒரு பார்வையே சொல்லிவிடும்.

பற்றவில்லை என்றால், புல்லட்டின் ஹெட்லைட் கூட்டில் உள்ள, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரே நல்ல சோதனைக் கருவி. விளக்குகளை அணைத்துச் சாவியைத் திறந்து, டீகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் லீவரை) பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தி இன்ஜினைச் சுழற்றுங்கள். பாயிண்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்து, திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பேட்டரி, சாவி, காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பிளக்குக்கு வேண்டிய உயர்மின்னாக்குவது), பாயிண்ட் என்னும் வழியில் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கிறது. முள் சாய்ந்த இடத்திலேயே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதற்குப் போகும் ஒயர் எங்கோ உடலில் பட்டு எர்த் ஆகிறது, அல்லது கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் தீப்பொறி இல்லையென்றால் கண்டன்சர், காயிலின் உயர்மின் பக்கம், பிளக் ஒயர், பிளக் மூடி ஆகியவற்றின் மீது சந்தேகத்தைத் திருப்ப வேண்டும். அம்மீட்டர் செத்துப்போன வண்டியில் இதே சோதனையை மல்டிமீட்டரைக் காயிலுக்கும் பாயிண்டுக்கும் இடையே வைத்துச் செய்யலாம்: பாயிண்ட் மூடும்போது வோல்ட் சுழியத்தை ஒட்டியும் திறக்கும்போது பேட்டரி வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும்.

பாயிண்டின் இடைவெளி முழுத் திறப்பில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். முகம் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெள்ளைத்தாளைப் பெட்ரோலில் நனைத்து இடையே இழுத்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால் அதன் மணல் துகளே அடுத்த கோளாறாகிவிடும்.

பிளக் உலர்ந்திருக்கும் பக்கத்தில் செய்ய வேண்டியது குறைவு. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பெட்ரோலைப் பிடித்துப் பாருங்கள். தாராளமாக ஓடினால் கோளாறு மிதவை ஊசியிலோ பைலட் ஜெட் என்னும் நுண்துளையிலோ இருக்கிறது. சொட்டினால் டேப்பின் வலையிலோ டேங்கு மூடியின் காற்றுத் துளையிலோ இருக்கிறது. புட்டியைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தனியாக ஓர் அடுக்கு பிரிந்து நிற்பதும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் பெட்ரோலை விட்டு நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை முழுவதும் அரை டேங்குடன் கொல்லங்கோட்டுப் பக்கம் நிற்கும் வண்டிக்கு இது நேரும். அந்தப் பெட்ரோலை முழுவதுமாக வடித்துவிடுவதைத் தவிர வேறு மருந்தில்லை. பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். மாற்றும்போது எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறியிருக்கும்போது கிளம்புகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

பழைய வண்டிக்காரர்களை மிகவும் அலைக்கழிப்பது இந்தக் கோளாறுதான், ஏனெனில் பட்டறை போய்ச் சேருவதற்குள் வண்டி ஆறி, நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். மெக்கானிக் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளக்கை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். திரும்பும் வழியில் வண்டி மறுபடி நிற்கும். ஆகவே இந்தச் சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, அது ஆறுவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

நின்றவுடன் முதலில் டேங்கு மூடியைத் திறந்து காது கொடுங்கள். உள்ளே காற்று உஸ்ஸென்று இழுபடும் ஒலி கேட்டு, மூடியைத் தளர்த்தியபின் வண்டி கிளம்பினால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் கோடைக்கு முன் அடிக்கும் காற்று கொண்டுவரும் செம்புழுதிக்கு ஊசிமுனை அளவுள்ள அந்தத் துளை எம்மாத்திரம்? மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதினால் வேலை முடிந்தது, மெக்கானிக்கே வேண்டாம்.

ஒலி கேட்கவில்லையென்றால், டேங்கை மூடிப் பெட்ரோல் டேப்பையும் அடைத்துவிட்டு, சூட்டோடு பிளக்கைக் கழற்றி அதன் உடலை இன்ஜினில் படும்படி வைத்துத் தீப்பொறியைப் பாருங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைப்பது அவசியம். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளக்கூடும். தீப்பொறி நீலமாக, சத்தத்தோடு பாய்ந்தால் மின்சாரம் நன்றாக இருக்கிறது. மெலிந்து மஞ்சளாக வந்தாலோ வராவிட்டாலோ கண்டன்சர் அல்லது காயில் சூட்டில் தளர்கிறது. இரண்டையும் பிரிக்க, பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு மற்றொருவரைக் கிக்கரை அடிக்கச் சொல்லி, பாயிண்டைக் கவனியுங்கள். பாயிண்டின் முகங்களுக்கிடையே தடித்த மஞ்சள் பொறி பறந்தால் குற்றவாளி கண்டன்சர். நெடுநாளாக அப்படி ஓடியிருந்தால் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருக்கும். பாயிண்டில் பொறி சிறிதாகவே இருந்து பிளக்கில் மட்டும் இல்லையென்றால் காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அதை மாற்ற வேண்டும்.

கண்டன்சரை மல்டிமீட்டரில் அளந்தால் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் சரியாகவே காட்டும், ஆனால் சூட்டில் செயலிழக்கும். மேசையில் அளந்து நற்சான்று கொடுப்பவரை நம்ப வேண்டியதில்லை. விலை மலிந்த பொருள் என்பதால் மாற்றிப் பார்ப்பதே சோதனை. இன்று கடையில் கிடைக்கும் புதிய கண்டன்சர்களிலும் சில நாள்களில் செத்துப்போகும் சரக்கு கலந்திருப்பதால், வேலை செய்கிற ஒன்று கிடைத்தால் அதே கடையில் இரண்டாவதை வாங்கிக் கருவிப்பெட்டியில் போட்டுவைப்பது நல்லது. கண்டன்சரைப் பாயிண்ட் பெட்டியின் சூட்டிலிருந்து வெளியே எடுத்துக் காயிலின் அருகே பொருத்துபவர்களும் உண்டு. இணைப்புச் சரியாக இருந்தால் அதில் தவறில்லை.

இந்தக் கோளாறுக்கு நாட வேண்டியவர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்காரர். இன்ஜின் மெக்கானிக்குக்கு இதில் வேலையில்லை. அவரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் பாதி வேலை இருக்கிறது. “அண்ணா, வண்டி சரியில்லைங்க, பாருங்க” என்றால் அவர் எங்கிருந்தும் தொடங்குவார். “அரை மணி ஓடினா நின்னுருதுங்ணா, டேங்கு மூடி திறந்து பார்த்துட்டேன், சூட்டுல ஸ்பார்க் மஞ்சளா வருது, ஆறினா நீலமா வருது” என்று சொன்னால், வயதான கடைக்காரர் வண்டியைத் தொடாமலேயே பலகையிலிருந்து கண்டன்சரை எடுத்து நீட்டுவார். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பட்டறைகளில் இதைத் தமிழிலேயே சொல்லலாம்.

கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது

டைமிங், அதாவது தீப்பொறி பாயும் நேரம், முன்னேறியிருக்கிறது. கணுக்காலைப் பெயர்த்துவிடும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதால், சரிசெய்யும் வரை யாரையும் அடிக்கவிடக் கூடாது. 350 புல்லட்டில், வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் ஓய்வுநிலையில் இருக்கும்போது, கம்ப்ரஷன் அடியில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கிடையே வைத்து லேசாக இழுத்தபடி இன்ஜினை நகர்த்தினால், தாள் வழுக்கி வெளிவரும் கணமே திறப்பு. பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டு அதன்பிறகே டைமிங்கைப் பார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். இரண்டும் சரியாக இருந்தும் அடிக்கிறதென்றால், அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தோ துருவில் சிக்கியோ எடைகள் விரிந்த நிலையிலேயே நிற்கின்றன.

புகை

நிறமும் நேரமும் சேர்ந்தால்தான் புகைக்குப் பொருள் வரும். பல நாள் நின்ற புல்லட் கிளம்பியதும் நீலப்புகையாகக் கக்கிவிட்டுச் சிறிது நேரத்தில் தெளிந்தால், எண்ணெய் அறையிலிருந்த எண்ணெய் பம்பு வழியே கசிந்து கிராங்க் அறையில் தேங்கியிருக்கிறது. நிற்கும்போது அளவுக்குச்சியில் எண்ணெய் குறைந்து தெரிவதைக் கண்டு, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றுவதே இதில் பெரும்பாலோர் செய்வது. அடுத்த முறை புகை இரட்டிப்பாகும். சில நிமிடம் ஓட்டியபின் அளந்தால் உண்மை தெரியும். பம்பின் தட்டுகளைக் கண்ணாடிமேல் பேஸ்ட் தடவித் தேய்த்துச் சமப்படுத்தத் தெரிந்த கை கிடைத்தால் இது குறையும்.

நெல்லியாம்பதி மலையிலிருந்து ஆக்சிலரேட்டரை மூடியபடி இறங்கி, அடிவாரத்தில் திறந்ததும் நீலப்புகை எழுந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. எந்நேரமும் நீலம் என்றால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. இதை உறுதிசெய்ய, டீகம்ப்ரஷரைத் தொடாமல் கிக்கர்மேல் ஏறி நில்லுங்கள். நல்ல இன்ஜின் ஓர் ஆளின் எடையைச் சற்று நேரமாவது தாங்கும். உடனே இறங்கிவிட்டால் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி நிற்க வேண்டும். இப்போது தாங்கினால் ரிங்கில் தேய்மானம்; அப்போதும் தாங்காவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பார்த்துவிட்டு, பிறகு ஜெட்டைப் பாருங்கள்.

யெஸ்டி டூ ஸ்ட்ரோக் ஆகையால் கொஞ்சம் புகைவது அதன் இயல்பு. ஆனால் புகை திடீரென்று மிகுந்து கியர் எண்ணெய் மட்டமும் குறைந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போய், இன்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சுகிறது. டைனமோ பக்கத்துச் சீல் போனால் புகை கூடாது. காற்றை உறிஞ்சி ஐடில் தானே ஏறும், கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அடங்காது. அப்படியே ஓட்டினால் கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சத்தம்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் சத்தத்தின் இடம் பிடிபடும். மேலே டிக் டிக்கென்று சீராக வந்தால் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க, ஆறிய இன்ஜினில் புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. காலையில் தட்டி, சூடேறக் குறைந்தால் பிஸ்டன் தளர்ச்சி, அவசரமில்லை. ஏற்றத்தில் மட்டும் சலங்கைபோல் ஒலித்தால் டைமிங்.

கீழே, கிராங்க் அறையில், வேகம் கூடக்கூட ஆழமாக இடிக்கும் சத்தம் வந்தால் வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். அது கனெக்டிங் ராடின் பிக் எண்ட், அதாவது கிராங்கைப் பற்றியிருக்கும் கீழ்முனை. சிலிண்டரைக் கழற்றி, ராடை உச்சியில் நிறுத்தி நேராக மேலும் கீழும் இழுத்தால் கையில் துளியும் ஆட்டம் தெரியக் கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. பழைய புல்லட்டின் பிக் எண்ட் மிதவைப் புஷ் வகை. எண்ணெய் ஓட்டம் குறைந்தால் அதுதான் முதலில் பலியாகும். ஆகவே புதிய ராடு போடுவதற்கு முன் எண்ணெய் ஏன் போகவில்லை என்பதற்கு விடை கண்டாக வேண்டும். இன்ஜின் ஓடும்போது ராக்கருக்கு ஏறும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சிறிது தளர்த்தினால் எண்ணெய் கசிந்து காட்ட வேண்டும். கசியவில்லையென்றால் பம்பும் ஃபில்டரும்தான் முதல் வேலை.

கிராங்கைப் பிரித்து ராடு மாற்றுவது ஊர்ப் பட்டறை வேலையன்று. பிரஸ் வைத்துப் பிரித்து, சேர்த்தபின் இருமுனையிலும் டயல் கேஜ் வைத்து நேர்பார்க்கும் கடைகள் கோயம்புத்தூரில் உள்ளன. முள் ஆடும் அளவை நமக்கெதிரில் காட்டும் கடையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்து நேராகிவிட்டது என்பவரிடம் கிராங்கைக் கொடுத்தால் அதிர்வு கைப்பிடி வரை வரும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது

12 வோல்ட் வண்டியில் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டும், நடுவேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டும் பேட்டரி முனையில் தெரிய வேண்டும். ஓடும்போது ஏறவில்லையென்றால் முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு ரெக்டிஃபையரையும் ஆல்டர்னேட்டர் காயிலையும் சோதிக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. காயில் எரிந்திருந்தால் புதிதைத் தேடி அலைய வேண்டியதில்லை: தென்னந்தோப்புப் பம்ப்செட்டுகளுக்குக் காயில் கட்டும் கடைகள் பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரம் முழுவதும் உள்ளன, பழைய காயிலை மாதிரியாகக் கொடுத்தால் அதே கம்பித் தடிமனிலும் சுற்றெண்ணிக்கையிலும் கட்டிக் கொடுப்பார்கள்.

கிளட்ச், கியர்

புல்லட்டில் நியூட்ரல் சிக்குவது பெரும்பாலும் கேபிளையும் ஒட்டிக்கொண்ட தட்டுகளையும் சார்ந்த சங்கதி. லீவர் முனையில் இரண்டு மூன்று மி.மீ. தளர்ச்சி வைத்துப் பார்த்துவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். யெஸ்டியில் கியர் லீவரே கிளட்சையும் தள்ளும் அமைப்பு இருப்பதால், கேபிள் சரியாக இருந்தும் கியர் கடித்தால் கிளட்ச் மூடியில் உள்ள திருகைச் சரிசெய்ய வேண்டும். இது தெரியாத புதிய மெக்கானிக்குகள் கியர்பாக்ஸையே பிரித்துவிடுகிறார்கள்.

எண்ணெய்க் கசிவு

எல்லா இடமும் நனைந்திருக்கும் இன்ஜினில் கசிவின் ஊற்று தெரியாது. டீசலில் கழுவி, நன்றாக உலர்த்தி, இணைப்புகளெங்கும் முகப்பவுடரைத் தூவி, அடுத்த ஊர் வரை ஓட்டி வாருங்கள். வெள்ளையில் எந்த இடம் முதலில் கருக்கிறதோ அதுவே ஊற்று. பல இணைப்புகளிலும் ஒரே சமயத்தில் கசிந்தால் கேஸ்கட்டுகளைக் குறைகூறுவதற்கு முன் கிராங்க் அறையின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். புல்லட்டில் அதன் முனையிலுள்ள ரப்பர் வால்வு கெட்டித்துப் போனால் உள்ளழுத்தம் ஏறி எல்லா வழியாகவும் எண்ணெயைத் தள்ளும்.

லேத்துக்கு அனுப்புவதானால்

போர் போட (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்க) வேண்டிய நிலை வந்தால் முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரோடு கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்குப் போர் போடச் சொல்ல வேண்டும். அளவைக் கேட்டுக் குடைந்தபின் பிஸ்டன் தேடுவது வீண். 1956 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் அடிப்படை அமைப்புப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாததால் சென்னைப் புதுப்பேட்டையிலோ தில்லி கரோல் பாகிலோ அதற்குப் பாகம் கிடைத்துவிடும். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டபின் யெஸ்டிக்கு வருபவற்றில் பெரும்பகுதி பிறர் செய்யும் நகல். ஆயில் சீலும் பிஸ்டனும் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துச் சென்று அளந்து பார்ப்பது கட்டாயம்.

கிராங்க் கேஸ் உடைந்து வேறொன்றை மாற்ற நேர்ந்தால் இன்ஜின் எண் மாறிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால், 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பிப்பில் சிக்கல் எழும். ஆகவே பழைய கேஸை அலுமினிய வெல்டிங்கில் காப்பாற்ற முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும், குறிப்பாகத் தேய்ந்த வார்ப்பிரும்புச் சிலிண்டரை, எடைக்குப் போட்டுவிடாமல் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்லீவ் (புதிய உட்குழாய்) அடித்தால் அதே சிலிண்டர் மீண்டும் 70 மி.மீ. அளவுக்கு வரும்.